நேற்றுச் சூடாயிருந்த தண்ணீர்

அண்ணாச்சி வீட்டில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் முதலில் பச்சைத் தண்ணீர்தான் வரும். எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அந்தத் தண்ணீரைச் சாக்கடைக்குப் போக விட்டுவிட்டு, கையை நீட்டிச் சூடு பார்த்துக்கொண்டு நிற்பதை அவரால் பொறுக்க முடியாது. குளியல் தொட்டிக்குள் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி எப்போதும் இருக்கும். பச்சைத் தண்ணீர் அதில் விழ வேண்டும். சூடு வந்ததும் அதே வாளியில் வெந்நீரையும் பிடித்து விளாவிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வாளிதான் குளியல்.

"இத பச்சத்தண்ணின்னு நெனைக்காத தம்பி," என்று நான் குடிவந்த அன்றைக்கே சொன்னார். "இது நேத்துச் சூடா இருந்த தண்ணி. தொறக்க ஆளில்லாம குழாய்க்குள்ளயே நின்னு ஆறிப்போச்சு. அதப் போயி கீழ ஊத்துனா எப்படி?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. வாளியின் விளிம்பைத் துடைத்து, குழாய்க்கு நேராக நகர்த்தி வைத்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் நியூ ஜெர்சியில் இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். கப்பல் சமையலறையில் வெங்காயம் உரிக்க ஏறி, ஒரு துறைமுகத்தில் இறங்கினவன் திரும்ப ஏறவில்லை. ஐசலினில் ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு மிட்டாய்க்கடையின் அடுப்படியில் வேலை. கடைக்குப் பின்னாலேயே மூட்டைகளுக்கு நடுவில் படுக்கை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் ஆட்கள் ஓர் அமெரிக்கக் கிறிஸ்தவக் கோயிலை வாடகைக்கு எடுத்துத் தமிழ் ஆராதனை நடத்துவார்கள். எனக்கு ஜெபத்தில் பெரிய நாட்டம் கிடையாது. முடிந்ததும் கீழே ஹாலில் சோறு போடுவார்கள் என்று போவேன். ஒருநாள் தட்டோடு வரிசையில் நிற்கையில், பின்னால் நின்றவர் என் பேச்சைக் கேட்டுத் தோளைத் தொட்டார்.

"ஊர் எங்க, நமக்கு?"

"தூத்துக்குடிக்குத் தெக்க, அண்ணாச்சி."

"அப்பிடிப் போடு. நான் பாளையங்கோட்டை. இங்க எங்க தங்கியிருக்க?"

"கடைக்குப் பின்னால, ஸ்டோர் ரூம்ல."

"ஹீட் உண்டா?"

"கிரைண்டர் ஓடுனா உண்டு."

அதற்கு மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். நாற்பதை ஒட்டிய வயது, ஒல்லி, மருந்துக் கம்பெனி ஒன்றில் லேப் வேலை. கோட்டுக்கு உள்ளே ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு உள்ளே இன்னொரு ஸ்வெட்டர் போட்டிருந்தார். "எங்க வீட்டு பேஸ்மென்ட் சும்மாதான் கெடக்கு, வாரியா?" என்றார். "ஒரே ஒரு கண்டிஷன். ஷவரத் தொடக்கூடாது."

அந்த வீட்டிலேயே கதகதப்பான இடம் பேஸ்மென்ட்தான் என்பது போன பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்குச் சூடு கொடுக்கிற ஃபர்னஸும், வெந்நீர்த் தொட்டியும் அங்கேதான் இருந்தன. அவர் அந்தத் தொட்டிக்குப் பஞ்சு வைத்த போர்வை தைத்துச் சுற்றியிருந்தார். அதிலிருந்து கிளம்பும் குழாய்களுக்கெல்லாம் கறுப்பு நுரைக் குழலை வெட்டி மாட்டியிருந்தார், கைகால்களுக்குச் சட்டை போட்டுவிட்டதுபோல. அதையும் மீறிக் கசிகிற சூடு யாருக்கும் பயனில்லாமல் போகிறதே என்றுதான் என்னைக் கூப்பிட்டாரோ என்று நான் நினைத்ததுண்டு. கேட்டும்விட்டேன்.

"அதுவும் ஒரு காரணம்தான்," என்றார். பொய் சொல்லத் தெரியாது அவருக்கு.

மேலே, அவர் இருந்த தளம் குளிர்ந்து கிடக்கும். கூடத்துச் சுவரில் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்டாட். அதன் முள் அறுபதை, நம் ஊர்க் கணக்கில் பதினைந்து பதினாறு டிகிரியை, தாண்டாதபடி ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். ஆள் இல்லாத அறைகளில் சூட்டுக்காற்று வரும் துவாரங்களை மூடி, மேலே அட்டை வைத்திருந்தார். கதவடிச் சந்துகளில் பழைய வேட்டியைச் சுருட்டித் தைத்து, உள்ளே மணல் நிரப்பி, நீளமாகப் போட்டிருந்தார். பாம்பு என்று அதற்குப் பெயர். வெளியே போகும்போது, "பாம்பத் தள்ளிட்டியா?" என்று கேட்பார். ஜன்னல்களுக்கு பிளாஸ்டிக் தாள். அதை நான்கு பக்கமும் ஒட்டி, தலைமுடி காயவைக்கிற டிரையரால் ஊதினால் சுருக்கமெல்லாம் இழுபட்டுக் கண்ணாடிபோல் ஆகிவிடும். அந்த டிரையர் வாங்க நானும் கூடப் போனேன். கல்லாவில் இருந்த பெண், மனைவிக்கா என்று கேட்டாள். ஜன்னலுக்கு என்றார். அவள் அவருடைய வழுக்கைத் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

பரோட்டாக் கல்லை இறக்கினதும் அடுப்புச் சூடு ஆறுமுன் அதில் தண்ணீர் கொதிக்க வைக்க வேண்டும். கொதித்ததை ஃபிளாஸ்கில் ஊற்ற வேண்டும். என்றைக்காவது குளியல் தொட்டி நிறைய வெந்நீர் பிடித்துத் துணி ஊறவைத்தால், அந்தத் தண்ணீரை உடனே திறந்துவிடக் கூடாது. "சூடு மொதல்ல வீட்டுக்குள்ள எறங்கட்டும். அப்புறமா தண்ணி போவட்டும்." ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்ப இரண்டு பேரும் அடுத்தடுத்துக் குளிக்க வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் குழாயில் நிற்கிற சூடு வீண். அவர் உள்ளே வாளியைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டதும் நான் துண்டோடு வாசலில் நிற்க வேண்டும். "ஆச்சு!" என்று கத்திக்கொண்டு கதவைத் திறப்பார். ஆவியோடு ஆவியாக நான் உள்ளே நுழைவேன்.

பில்லுக்குப் பயந்து அப்படிச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். பில் வந்தால் சரியாகப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார். அவரை வாட்டியது அந்தச் சத்தம். ஃபர்னஸ் பற்றிக்கொள்ளும்போது முதலில் 'டிக்' என்று கேட்கும். பிறகு புஸ் என்று தீ பிடிக்கும், பிறகு காற்றாடி கிளம்பும். பேசிக்கொண்டே இருப்பவர், அந்த டிக் கேட்டதும் வாயை நிறுத்திவிடுவார். கண் சுவரைப் பார்க்கும். காற்றாடி அடங்குகிறவரை முகம் இறுகியே இருக்கும். பல் பிடுங்குகிற இடத்தில் நாற்காலியில் சாய்ந்திருக்கிறவனுக்கு வருமே, அந்த முகம். நின்றதும் மூச்சு விட்டு, விட்ட இடத்திலிருந்து பேசுவார். ஒருமுறை நான் கேட்டேன், "எதுக்கு அண்ணாச்சி இப்பிடி? சத்தந்தானே?"

"நாம சூடாக்குத எதுவும் நம்மகிட்ட நிக்கமாட்டேங்குதுல்லா," என்றார். "உண்டாக்கிக்கிட்டே இருக்கோம். அது வெளிய போய்க்கிட்டே இருக்கு."

அவருக்குக் கல்யாணமாகியிருந்தது. விடுமுறையில் ஊருக்குப் போய்ச் சாயர்புரம் பக்கத்துப் பெண்ணைக் கட்டிவிட்டு, சில நாள் கூட இருந்துவிட்டுத் திரும்பியவர். கிரீன் கார்டு வைத்திருப்பவர் மனைவியைக் கூட்டிவர அப்போதெல்லாம் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவள் அங்கே பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பேசுவார். அவர் குரல் மேலேயிருந்து எனக்குக் கேட்கும். பாதி நேரம் பருவநிலையைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.

குளிர்காலம் தொடங்கும்போதெல்லாம் வீட்டில் ஒரு சந்துபொந்தைக் கண்டுபிடித்து அடைப்பார். ஊதுவத்தியைக் கொளுத்திச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டே போவார். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே ஓட்டை. நான் பசையோடு பின்னால் போவேன். "அவ தேரிக்காட்டுல வளந்தவ தம்பி. வெயில் காயுத மண்ணு. குளிர்னா என்னன்னே தெரியாது. அவ வாரதுக்குள்ள இந்த வீட்ட ஃபிளாஸ்க் மாதிரி ஆக்கிப்புடணும். ஒருதரம் சூடாக்குனா அப்பிடியே நிக்கணும்." பிறகு தெர்மோஸ்டாட்டைக் காட்டுவார். "அவ வந்த அன்னைக்கு இந்த டேப்பப் பிச்சு எறிஞ்சிருவேன். அதுக்கப்புறம் இந்த வீட்ல யாரும் சூட்டுக்குக் கணக்குப் பாக்கக்கூடாது."

அவர் அதை மனசாரச் சொன்னார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அத்தனை வருஷம் குளிரில் உட்கார்ந்திருந்தது ஒருத்திக்காக.

அவள் ஒரு டிசம்பரில் வந்தாள். பள்ளிக்கூடத்தில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். பிடித்துப்போனால் வேலையை ராஜினாமா செய்துவிட்டு இங்கேயே இருப்பது என்று பேச்சு. விமான நிலையத்துக்குப் போகும் முன் அவர் டேப்பைப் பிய்த்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சுவரில் பசை ஒட்டியிருந்த இடத்தை நகத்தால் சுரண்டிச் சுத்தம்கூடச் செய்தார். முள்ளை எழுபதுக்கு மேலே தள்ளினார். டிக் என்றது. கார் சாவியை எடுத்துக்கொண்டு சிரித்தபடி வேகமாக வெளியே போய்விட்டார்.

மைனி (அண்ணாச்சி மனைவியை அப்படித்தான் நான் கூப்பிட்டேன்) உள்ளே காலடி எடுத்து வைத்ததும் வீடு அலறியது. "ஏங்க, பாம்பு! பாம்புங்க!" என்று கூவிக்கொண்டு சோபாவின்மேல் ஏறி நின்றாள். கதவடியில் கிடந்த மணல் வேட்டியை நான் தூக்கிக் காட்டியதும், வாயைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கி வெகுநேரம் சிரித்தாள். "நல்ல வீடுங்க. ஊர்ல எல்லாரும் பயங்காட்டுனாக, அமெரிக்கா ஐஸ்பெட்டின்னு. இங்க நல்லாத்தான இருக்கு!" அவர் அரைக்கைச் சட்டையில் இருந்தார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. சொந்த வீட்டில் விருந்தாளிபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சில நாள் அப்படிப் போனது. பிறகு முள் கொஞ்சம் இறங்கியது. நான் கவனித்தேன், அவள் கவனிக்கவில்லை. இன்னும் சில நாளில் இன்னும் கொஞ்சம். ஒரு டிகிரி யாருக்குத் தெரியும் என்று அவர் நினைத்திருப்பார். அடுத்த தடவையும் அது ஒரு டிகிரிதான். கிறிஸ்துமஸுக்குச் சேலையோடு வலம்வந்த மைனி, புது வருஷ ஆராதனை முடிந்து வந்ததும் கோட்டைக் கழற்றவில்லை. தை பிறக்கும் நேரத்துக்கு வீட்டுக்குள் குல்லாவோடு இருந்தாள். பனிக்காலம் முற்ற முற்ற வீட்டுக்குள்ளும் குளிர் முற்றும்போலிருக்கிறது என்று அவள் நம்பினாள்.

குளியல் வரிசையில் அவளை மூன்றாவதாக வைத்திருந்தார். பார்க்கிறவர்களுக்கு அது அநியாயமாகத் தெரியும். ஆனால் அவர் மனசில் அதுதான் பெரிய மரியாதை. நாங்கள் இருவரும் குளித்து முடிப்பதற்குள் குழாய் நன்றாகச் சூடேறிவிடும். "உனக்கு மொதச் சொட்டே சூடா வரும் பாரு," என்று அவளிடம் பெருமையாகச் சொன்னார். "இந்த வீட்ல எனக்கே அந்தக் கொடுப்பினை கெடயாது." மைனி அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினாள். பிடித்துத்தான் சிரித்தாள். அவளுக்கும் அவர்மேல் பிரியம் இருந்தது. இல்லாமல் இருந்திருந்தால் கதை இவ்வளவு கஷ்டமில்லை.

எனக்கு வேலை பிற்பகலில்தான். காலையில் அவர் ஆபீஸ் போன பிறகு மைனி துணி துவைக்கிற சாக்கில் கீழே வருவாள். துவைக்க ஒன்றும் இருக்காது. ஒரு தலையணை உறையோ, ஒரு துண்டோ. வாளியைக் கவிழ்த்துப் போட்டு, வெந்நீர்த் தொட்டியை ஒட்டி உட்கார்ந்து, பஞ்சுப் போர்வைக்குள் இரண்டு கையையும் நுழைத்துக்கொள்வாள்.

"கொஞ்ச நேரம் இருந்துக்கிடட்டுமா தம்பி? ஒங்களுக்கு எடஞ்சல் இல்லையே?"

"ஒங்க வீடு மைனி. நான்தான் எடஞ்சல்."

"எனக்கு ஒடம்புல ரத்தம் கம்மி போல. டாக்டரம்மாட்ட காட்டணும். அவுக என்னடான்னா ஒரு ஸ்வெட்டரோட ஒக்காந்திருக்காக. நான் நாலு போட்டும் பல்லு அடிக்கி. அமெரிக்காவுக்கு லாயக்கில்லாத ஒடம்பக் கொண்டாந்துட்டேன்." இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு அவள் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவாள். ஒருத்தன் பூகோளப் பரீட்சையில் தன் ஊரை நடுக்கடலில் குறித்துவிட்டானாம். "அவன் இங்க வந்திருந்தா என்னைய வடதுருவத்துல குறிச்சிருப்பான்."

அன்று சாயங்காலமே நான் அவரிடம் சொன்னேன். "அண்ணாச்சி, மைனிக்குக் குளிருது."

"அவளா சொன்னா?"

"சொல்லணுமாக்கும்? கையப் பாருங்க, வெரலெல்லாம் வெடிச்சுக் கெடக்கு."

"எல்லாருக்கும் மொத வருஷம் அப்பிடித்தான். ஒடம்பு பழகிரும். எனக்கும் பழகுச்சுல்லா?" என்றார். பிறகு கூடத்துக்குப் போய்த் தெர்மோஸ்டாட் முன்னால் நின்றார். கை மேலே போனது. அதைத் திருகவும் செய்தார். கீழே டிக் என்று கேட்டதும் முதுகு விறைத்தது. தீ பிடித்தது, காற்றாடி கிளம்பியது. அவர் அங்கேயே நின்றார். நான் படியிறங்கிப் பாதி தூரம் போவதற்குள் காற்றாடி அடங்கிவிட்டது.

மைனியின் அந்த நம்பிக்கை உடைந்தது ஒரு ஜெபக்கூட்டத்தில். சபையில் ஒரு டாக்டர் குடும்பம், பெரிய வீடு. குடும்ப ஜெபம் என்று எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் மூவருக்கும் ஒரே கார். உள்ளே போனதும் அந்த டாக்டரம்மா மைனியின் கோட்டை வாங்கி மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் மைனி தானாகவே ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினாள். பிறகு இன்னொன்றை. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே சாக்ஸையும் உருவிவிட்டு, வெறுங்காலைக் கம்பளத்தில் தேய்த்துக்கொண்டாள். டாக்டரின் சின்ன மகள் குட்டைக்கை கவுனில் ஓடிக்கொண்டிருந்தாள். மைனி அவளைப் பிடித்து, "ஒனக்குக் குளிரலையா கண்ணு?" என்று கேட்டாள்.

"வொய் உட் ஐ பி கோல்ட், ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டு அவள் ஓடிவிட்டாள்.

மைனி எழுந்து அந்த வீட்டுக் கூடத்தில் நடந்தாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். ஜன்னலோரம் போய் நின்றாள். அங்கே பிளாஸ்டிக் இல்லை, வெறும் கண்ணாடி, வெளியே பனி குவிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் நின்றுகொண்டு தன் கையை விரித்துப் பார்த்தாள். அவர் எதிர்ச் சுவரோரம் பைபிளை மடியில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் ஃபர்னஸ் எங்கோ தூரத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் முகம் அன்று அந்தச் சத்தத்துக்காக இறுகியதா, வேறு எதற்கா என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கூட்டம் முடிந்து காரில் திரும்பினோம். ஐசலின் தாண்டியதும் முன்சீட்டிலிருந்து மைனியின் குரல் மெதுவாக வந்தது.

"ஏங்க, அவுக வீட்ல குளிரலையே."

அவர் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நான் எல்லா வீடும் இப்பிடித்தான்னு நெனச்சேன்," என்றாள்.

அதில் கோபம் இல்லை. தப்பாகப் போட்ட கணக்கைத் திருத்திக்கொள்கிற டீச்சர் குரலில்தான் சொன்னாள். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இரண்டு கையையும் ஸ்டீயரிங்மேல் வைத்து, "நாளையிலேருந்து ஹீட்டு ஒன் பொறுப்பு," என்றார். "நான் தொடமாட்டேன். சத்தியமா தொடமாட்டேன். எவ்வளவு வேணுமோ வச்சுக்கோ."

சொன்னபடி செய்தார். தொடவே இல்லை. மைனி முள்ளை எழுபதுக்கு நகர்த்தினாள். வீடு பழையபடி சூடானது. அவள் குல்லாவைக் கழற்றினாள், தலைக்கு எண்ணெய் வைத்தாள், வாளியை மறந்து ஷவரில் நின்றாள். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு டிக்குக்கும் அவர் கையில் இருக்கிற கரண்டி நிற்கும். சாப்பிடும்போது, ஜெபத்தில், அவளிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது. சத்தம் காட்டாமல் இருக்க அவர் பாடுபட்டார். மேசைக்குக் கீழே முட்டியைப் பிடித்துக்கொள்வார். ஷவர் ஓடும்போது வாசல் வழியே வெளியே போய்ப் பனியில் நின்றுவிட்டு, அது நின்ற பிறகு உள்ளே வருவார். ஆளே மெலிந்தார். ஒருநாள் நான் வேலைக்குக் கிளம்பும் நேரம் மைனி தெர்மோஸ்டாட் முன்னால் நின்றிருந்தாள். அவர் வருகிற நேரத்துக்கு முன்னால் தானே முள்ளைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு மைனி? அவரே ஒங்க கையில குடுத்துட்டாருல்லா?"

"குடுத்துட்டாக." கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். "குளிர்னா தாங்கிக்கிடுவேன் தம்பி. போட்டுக்கிட ஸ்வெட்டர் இருக்கு. அவுக மொகத்தப் பாத்துக்கிட்டே சூட்டுல ஒக்கார முடியல. திட்டுனா திருப்பித் திட்டலாம். அவுக திட்ட மாட்டேங்காகளே."

பிப்ரவரி கடைசியில் அவள் கிளம்பினாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசுப் பரீட்சை வருகிறது, ஹெட்மாஸ்டர் கூப்பிடுகிறார் என்று சபையில் சொன்னார்கள். எல்லாரும் அதை நம்பினார்கள், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டார்கள். கடைசி ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் வரிசையாகக் குளித்தோம். மூன்றாவதாக மைனி போனாள். ஷவர் சத்தம் கேட்கவில்லை, வாளியில் தண்ணீர் விழும் சத்தம்தான் கேட்டது. அவர் கதவுக்கு வெளியே நின்று, "சூடா வருதா?" என்று கேட்டார். "மொதச் சொட்டே சூடா வருதுங்க," என்றாள் உள்ளேயிருந்து.

விமான நிலையத்தில் கோட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். ஊரில் அது எதற்கு? பிறகு என் பக்கம் திரும்பி, "அவுகளப் பாத்துக்கிடுங்க. நல்ல மனுசன்," என்றாள். "எனக்குத் தெரியும் மைனி," என்றேன். "எனக்கும் தெரியும்," என்றாள். பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவர் கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, அவள் உள்ளே போய் மறைந்த பிறகும் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கோடையில் நான் டெக்சாஸுக்குப் போனேன். எனக்கு ஒரே ஊரில் கால் தரிக்காது. இர்விங்கில் ஒரு ஹோட்டல் அடுப்படி, பிறகு வேறொன்று. ஒரு வருஷத்துக்குமேல் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் மைனிக்குக் கிடைத்த கிரீன் கார்டு செல்லாது. அவள் திரும்பவில்லை என்று சபைக்காரர் ஒருவர் சொல்லித் தெரிந்தது. அதற்கப்புறம் அவரைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை. போன் செய்தேன், நம்பர் மாறியிருந்தது. குழாயைத் திறந்து சூடு வரக் காத்திருக்கும்போது இன்றைக்கும் கீழே ஒரு பாத்திரத்தை வைத்துவிடுகிறேன். அது பழக்கம்.

அவரை நினைத்தால் எனக்கு வருவது மைனி போன அன்றைக்குச் சாயங்காலம்தான். விமான நிலையத்திலிருந்து என்னைக் கடையில் இறக்கிவிட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனார். வேலை ஓடவில்லை. முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பினேன். பேஸ்மென்ட் கதவைத் திறந்ததும் ஃபர்னஸ் இரைந்துகொண்டிருந்தது. ஸ்வெட்டரைக் கழற்றினேன், துணியை மடித்தேன், அது நிற்கவில்லை. அந்த வீட்டில் அது அவ்வளவு நேரம் ஓடி நான் கேட்டதில்லை. மேலே போனேன்.

கதவைத் திறந்ததும் மிட்டாய்க்கடை அடுப்படி மாதிரி முகத்தில் அடித்தது. ஆளில்லாத அறைகளின் துவாரங்களில் இருந்த அட்டைகளையெல்லாம் எடுத்திருந்தார். முள் கடைசிவரை மேலே போயிருந்தது. கூடத்தின் நடுவில் சிவப்பு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, பனியனும் கைலிச் சாரமுமாக உட்கார்ந்திருந்தார். மடியில் மைனியின் கோட்டு. நெற்றியிலிருந்து வியர்வை தாடைக்கு வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கேன். உள்ளதச் சொல்லணும்," என்றார். "இப்ப இங்க சூடா இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி."

"நெசமாவா? எனக்குத் தெரியல." நெற்றியைத் தொட்டு, விரலில் பட்ட ஈரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வேர்க்கத்தான் செய்யுது. ஆனா சூடா இருக்கான்னு தெரியல. ரொம்ப நாளாச்சுல்லா. அவளுக்கு இது போதும்லா?"

"போதும் அண்ணாச்சி. தாராளமாப் போதும்."

அவர் தலையாட்டினார். கீழே காற்றாடி ஒருவழியாக அடங்கியது.  ஜன்னல்களில் பிளாஸ்டிக் தாள் ஆடாமல் அசையாமல் விறைப்பாக நின்றது. கதவடியில் பாம்பு சரியாகக் கிடந்தது. அவர் அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார், மேஸ்திரி கட்டி முடித்த சுவரைப் பார்ப்பதுபோல.

"இனிமே ரொம்ப நேரத்துக்கு எறங்காது பாரு," என்றார். "ஒரு சந்து விடாம அடைச்சிருக்கேன். எங்கயும் போகாது."